வயலில் வேலை பார்க்கும் விமானம்

நான் பத்தாவதோடு நின்றவன். எழுதத் துணிந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். தென்காசியில் குற்றாலம் பஸ் ஏறியதும், முன்சீட்டில் ஓர் அம்மாள் சொன்னது காதில் விழுந்தது.

“ஒங்க பிளேன் எங்க வயல்ல வேலை பாக்குது. தர முடியாது.”

எதிர்சீட்டுக்காரர் மடியில் விமானம் ஓட்டும் ரிமோட் இருந்தது.

“யக்கா, நாலு மாசமா தெர்மாக்கோலை வெட்டி ஒட்டிச் செஞ்சது. காத்து தள்ளி ஒங்க வயல்ல விழுந்துட்டு. அதுக்குக் கம்புல கட்டித் தொங்கவிடுவியளா?”

“அதைத் தேடுதேன்னு எங்க நாத்தை மிதிச்சது யாரு? கட்டுன நாள்லேர்ந்து ஒரு மயில் வரல. மூக்குல உள்ள ஃபேன் காத்துல சுத்துதுல்லா, பயப்படுது.”

“சாரல்ல மோட்டார் வீணாப் போகுமே! பறக்குத சாமானை மயில் வெரட்ட வச்சிருக்கியளே, வயிறு எரியுது.”

“நாத்தை மயில் கொத்துனா எனக்கு எரியாதா?”

அவர் ரிமோட்டைப் பைக்குள் வைத்தார்.

“மோட்டார் இல்லாம, அதே அளவுல, அதே செவப்புல ஒண்ணு காலைல கொண்டாரேன். என்னோடதைக் குடுத்துருங்க. மயிலுக்கு என்ன தெரியப்போகுது?”

“ரெண்டையும் கட்டிப் பாப்போம் அண்ணாச்சி. புதுசுக்கும் மயில் பயந்தா, ஒங்களோடதை அவுத்துட்டுப் போங்க.”

அந்த அம்மாள் இலஞ்சி விலக்கில் இறங்கினார். அவரும் பின்னாலேயே இறங்கினார்.

மறுநாள் சாயங்காலம் அதே பஸ்ஸில் போனேன். விலக்கை ஒட்டிய வயலில் இரண்டு சிவப்பு விமானங்கள் தொங்கின. மூக்கில் ஃபேன் இல்லாத புதியதன் அடியில் மூன்று மயில்கள் மேய்ந்துகொண்டிருந்தன.