மங்கியதை மாண்டதென்று சொல்லாத இருட்டக்காவுக்கு

இருட்டறையை இல்லமாக்கி, இமைக்காத கருவிகளோடு இத்தனை ஆண்டுகள் இணைந்திருந்து, இன்று பணிநிறைவு காணும் எங்கள் ஒளியளவை அறையின் தலைவியே! முதலில் முதுகுக்குப் பின்னாலும், தங்கள் கணவரே அப்படி அழைக்கக் கேட்டபின் முகத்துக்கு நேரேயும் நாங்கள் 'இருட்டக்கா' என்றழைக்கும் அன்புக்குரியவரே, வணக்கம்.

தங்கள் அறையின் சட்டம் தயவு தாட்சண்யம் அறியாதது. கறுப்புத் திரையைத் தாண்டுமுன் கைபேசி வெளியே. கைக்கடிகாரம் மினுங்கினால் அதுவும் வெளியே. ஒருமுறை ஆய்வுக்கூட இயக்குநரின் சட்டைப்பையில் கைபேசி ஒளிர்ந்தபோது, "நீங்க வரலாம் சார், வெளிச்சம் வரக்கூடாது" என்றீர்கள். அவர் கைபேசியை வெளியே வைக்கத் திரும்பிப் போனார். வீட்டில் குளிர்பெட்டியைத் திறந்தால் விளக்கு எரிகிறதே என்றுகூட முகம் சுளிப்பீர்களாம். சொன்னவர் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்.

தாங்கள் அளந்தவை குவாண்டம் புள்ளிகள். லேசர் பட்டதும் சக்தியை வாங்கிக்கொண்டு, கணநேரம் பொறுத்து, ஒளியாகத் திருப்பித் தரும் கண்ணுக்கெட்டாத துணுக்குகள். அவற்றைக் குடிவைக்க வீடு கட்டுபவர் எங்கள் ஓட்டையண்ணன். உள்ளெங்கும் ஒரே அளவான நுண்துளைகள் வரிசை தவறாமல் நிற்கும் ஒளிப்படிகம்தான் அந்த வீடு. அவர் எதைச் செய்தாலும் அதில் ஓட்டை இருக்கும் என்பது கூடத்தின் பழைய கேலி.

அண்ணன் பெரும்பாடுபட்டுச் செய்த முதல் படிகத்தை நாங்கள் மறக்கவில்லை. புள்ளிகளை உள்ளே ஏற்றி லேசரைக் காட்டினால், ஒளி மங்கலோ மங்கல். "புள்ளிங்க செத்துப்போச்சு. ஏத்தும்போதே நான்தான் கொன்னுட்டேன்" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நாங்களும் ஆமென்று தலையாட்டினோம். அந்த ஆய்வையே மூடிவிடுவதென இயக்குநர் முடிவெடுத்தார். படிகம் குப்பைப் பெட்டியின் விளிம்புவரை போயிற்று.

தாங்கள் மட்டும் கை நீட்டி அதை வாங்கிக்கொண்டீர்கள். "எவ்வளவு வெளிச்சம்னு பாத்தீங்க. எவ்வளவு நேரம் கழிச்சு வருதுன்னு யாராவது பாத்தீங்களா? செத்த புள்ளின்னா சட்டுனு அணைஞ்சிடும்" என்று சொல்லித் திரைக்குள் போனீர்கள். நெடுநேரம் கழித்து வெளியே வந்து, "அண்ணே, ஒண்ணும் சாகல. உங்க வீட்ல இந்தப் புள்ளிங்க தர்ற நிறத்துக்கு வாசலே இல்ல. அதான் கையில வச்சுக்கிட்டுக் காத்திருக்கு" என்றீர்கள். அண்ணன் எல்லார் முன்னிலையிலும் அழுதார்.

அடுத்த படிகத்தில் துளைகளின் இடைவெளியைச் சற்றே மாற்றினார் அண்ணன். அதே புள்ளிகள், அதே லேசர். ஒளியோ பளிச்சென்று, வழக்கத்தைவிட விரைந்து வந்தது. ஒளியைத் தாமதிக்கவும் முடுக்கவும் சுற்றியிருக்கும் படிகத்தால் முடியும் என்று இக்கூடம் தலைநிமிர்ந்து சொன்னது அன்றுதான். மூடவிருந்த ஆய்வு பிழைத்தது. எங்களில் பாதிப்பேரின் பிழைப்பும் பிழைத்தது. அந்தப் பெருமையில் பங்கு கேட்டுத் தாங்கள் ஒருநாளும் வந்ததில்லை. அதில் எங்களுக்கு இன்றளவும் வருத்தமே.

பொறுமைக்குப் பொருளானவரே, நோயின்றி, கவலையின்றி, விரும்பிய அளவு வெளிச்சத்தில் தாங்களும் தங்கள் கணவரும் நெடுங்காலம் நிறைவாக வாழ வேண்டுமென்று நெஞ்சார வாழ்த்துகிறோம்.

ஒரு வேண்டுகோள். கைதட்டல் ஓய்ந்ததும் கிளம்பிவிடாதீர்கள். அண்ணனின் புதிய படிகம் இன்று காலை தங்கள் மேசைக்கு வந்தது. லேசரைக் காட்டினோம், மங்கலாகத்தான் இருக்கிறது. செத்துவிட்டதென்று ஒருவரும் வாய்திறக்கவில்லை. கருவியைப் பொருத்தி, திரையை இழுத்து மூடிவிட்டு வந்திருக்கிறோம். அது இப்போது அளந்துகொண்டிருக்கிறது. முடிவை முதலில் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான் அக்கா.

கைபேசிகளை வெளியே வைத்துவிட்டுக் காத்திருக்கும்,
ஒளியியல் ஆய்வுக்கூடத்தார்