மருந்து வரலாறு

பொன்மணி: ஆமாடி, பிஎச்.டி.க்கு எழுதிப் போட்டேன்ல, அந்த புரொபசர் கற்பகவல்லி மேடமே போன் போட்டாக. சென்னைக்கு நேர்முகத்துக்கு வரச் சொல்லி...

செல்வலட்சுமி: உன்னையவா?

பொன்மணி: ஏன், கூப்பிடக் கூடாதா?

செல்வலட்சுமி: இல்ல... எம்.ஏ. ஹிஸ்டரில நான் எழுபத்தொண்ணு. நீ அம்பத்தஞ்சத் தொட்டும் தொடாம...

பொன்மணி: பிஎச்.டி.க்கு அம்பத்தஞ்சு போதும்டி. நெட் பரிட்சை பாஸாகியிருக்கணும், இருபது பக்கத்துக்கு ஆய்வுத் திட்டம் எழுதணும். அம்புட்டுதான்.

செல்வலட்சுமி: அவுககிட்ட இந்த வருசம் ஒரே ஒரு எடந்தான்.

பொன்மணி: அது உனக்கு எப்படித் தெரியும்?

செல்வலட்சுமி: ...வெப்சைட்ல போட்டிருந்துச்சு.

பொன்மணி: டீ ஆறுது, குடி. உன் கம்பெனில மணி அடிச்சிருவான்.

செல்வலட்சுமி: அடிக்கட்டும். என்ன பேசுனாக?

பொன்மணி: எடுத்ததுமே சிரிப்பு. அவுக ஆய்வு 'மருந்து வரலாறு'ன்னு போட்டிருந்துச்சுல்ல? "ஏம்மா, நான் சொன்னது ஆஸ்பத்திரி மருந்து, நாட்டு வைத்தியம், காலரா... நீ என்ன பட்டாசுக்குள்ள செலுத்துற மருந்தப் பத்தி எழுதியிருக்க"ன்னாக.

செல்வலட்சுமி: ஐயய்ய...

பொன்மணி: எங்கம்மா இருபது வருசமா விஸ்வநத்தத்துப் பட்டாசு ஆலைல மருந்து செலுத்துறா. எங்க வீட்ல மருந்துன்னா அது ஒண்ணுதான். காய்ச்சலுக்குப் போடுறது மாத்திரை.

செல்வலட்சுமி: பொறவு?

பொன்மணி: "இப்படி ஒரு அர்த்தம் எனக்குத் தோணவே இல்லையே, நேர்ல வா பேசுவோம்"ன்னுட்டாக.

செல்வலட்சுமி: தப்பா எழுதுனவளக் கூப்பிடுவாகளாம்... சரியா எழுதுனவ என்ன பாவம் பண்ணா?

பொன்மணி: யாரு சரியா எழுதுனா?

செல்வலட்சுமி: பொதுவாச் சொன்னேன்.

பொன்மணி: மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?

செல்வலட்சுமி: பொறாமைதான். வயிறு எரியுது, போதுமா? நீ சென்னைக்குப் போயிருவ. நான் இங்கன காலண்டர்ல ராகுகாலத்துக்குப் புரூஃப் பாத்துக்கிட்டுக் கெடக்கணும்.

பொன்மணி: செல்வி... ஒண்ணு கேக்கவா?

செல்வலட்சுமி: மணி அடிக்கப் போகுது...

பொன்மணி: அடிக்கட்டும்னு நீதான சொன்ன. அனுப்புறதுக்கு முன்னாடி உன்கிட்டதான படிக்கக் குடுத்தேன். முந்நூத்தி அறுபத்தஞ்சு தாள்ல ஒரு புள்ளி விட்டுப்போனாலும் புடிக்கிறவ நீ.

செல்வலட்சுமி: அதுக்கு?

பொன்மணி: "நல்லாருக்கு, அப்படியே அனுப்பு"ன்ன. இம்புட்டுப் பெரிய தப்பு உன் கண்ணுல படலையா?

செல்வலட்சுமி: இரு, டீக்குக் காசு குடுத்துட்டு வாரேன்.

பொன்மணி: சொல்லுடி.

செல்வலட்சுமி: அந்த எடத்துக்கு நானும் எழுதிப் போட்டிருந்தேன்... காலராவப் பத்தி. வேண்டாம்னு நேத்து பதில் வந்துருச்சு. உன் தப்பு மொதப் பக்கத்துலயே தெரிஞ்சுச்சு பொன்மணி. சொன்னா நீ திருத்திருவன்னுதான் நல்லாருக்குன்னேன்.