செவலைமேல் ஒரு பழி

செவலைக்குப் பழைய சோறு பிடிக்காது ஐயா. கொஞ்சம் மோர் ஊற்றினால்தான் வாய் வைக்கும். குட்டியாக இருந்தபோது கொழிஞ்சாம்பாறையில் பொங்கியண்ணனிடம் வாங்கி, பாலக்காடு வரை மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த நாய்.

என் மனைவி சாந்தம்மாளுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "ஏனுங்க, இது ஒரு நாளைக்கு நம்மளையே கடிச்சுப்போடும், பாத்துக்கங்க" என்பாள். அவள் சொன்னது நடக்காமல் போனதில்லை. கடை நொடிக்கும் என்றாள், நொடித்தது. என் தம்பி திரும்பி வரமாட்டான் என்றாள், வரவில்லை. சொல்லிக்காட்டவும் மாட்டாள். சும்மா ஒரு பார்வை பார்ப்பாள்.

சித்திரையில் செவலை அவள் மணிக்கட்டைக் கடித்தது. ஆஸ்பத்திரி டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, "நாயைப் பத்து நாள் கட்டிப்போட்டுப் பாருங்க. நல்லா இருந்தா பயமில்லை. செத்துப்போனா அன்னைக்கே குன்னூருக்கு ரயிலேறிடுங்க, அங்கே வெறிநாய்க்கடிக்கு ஊசி இருக்கு" என்றார்.

சில நாளில் செவலைக்குத் தாடை தொங்கியது. அவள் உள்ளே காய்ச்சலோடு படுத்திருந்த ஒரு மத்தியானம் செத்தது. நீங்கள் கொல்லையில் தோண்டி எடுத்தது அதைத்தான்.

அது செத்ததை அவளிடம் சொல்லியிருக்கலாம். பிழைத்து வந்து, காலமெல்லாம் அதே பார்வையோடு எனக்குச் சோறு போட்டிருப்பாள். பொங்கியண்ணனிடம் அதே ஈற்றில் பிறந்த நாய் ஒன்று இருந்தது. சாயங்காலத்துக்குள் அதைக் கொண்டுவந்து கட்டினேன்.

"முன்னங்காலு வெள்ளையா இருந்துச்சுங்களே?" என்றாள்.

"சேத்துல நின்னுருக்கும். நான் சொல்லி எதைத்தான் நீ நம்பியிருக்கிறே?"

அதற்குமேல் கேட்கவில்லை. டாக்டர் சொன்ன கெடு முடிந்ததும், தன் கையாலேயே அதற்குச் சோறு வைத்தாள். "நாந்தானுங்க வீணாப் பழி போட்டுட்டேன். நல்ல நாயிதான்" என்றாள். அத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. அதைக் கேட்ட பிறகு எப்படி ஐயா உண்மையைச் சொல்வது?

ஆடியில் அவளுக்குத் தண்ணீர் இறங்கவில்லை. சொம்பைக் கண்டாலே தொண்டை இழுத்தது. நாயைப் பற்றி டாக்டர் கேட்டபோது, என்னைக் காட்டி அவளே பதில் சொன்னாள். "அது மேல தப்பில்லீங்க. இவிய சொன்னதுதான் சரி."

மறுநாள் போய்விட்டாள்.

நான்தான் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவள் கடைசியாகச் சொன்னதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.