நாலாம் நம்பர் பங்கு

மணிமொழி: நிமிசத்துக்கு ஒரு தரம் வந்து எட்டிப் பாத்தா கரண்டு வேகமா ஏறிடுமா?

பகலவன்: நான் ஒண்ணும் கரண்டப் பாக்க வரல.

மணிமொழி: பின்ன இன்னாத்தப் பாக்க வந்தீங்க?

பகலவன்: அது... மணி எத்தினின்னு பாக்க.

மணிமொழி: கையில வாட்ச் ஓடிக்கினு இருக்கே!

பகலவன்: இது ஸ்லோ. ஒங்க சார்ஜிங் ஷெட்டு கரண்டு மாதிரி.

மணிமொழி: எங்க கரண்டு ஸ்லோ இல்லீங்க, நியாயம். இந்த எடத்துக்குக் குடுத்த லோடே பன்னெண்டு கிலோவாட்டு. நாலு ஆட்டோ சொருவி இருந்தா ஆளுக்கு மூணு. ஒண்ணு கழண்டுக்கினா அதோட பங்கு மத்த மூணுக்கும் போயிடும். நான் எதுவும் பண்றதில்ல, எல்லாம் சுவத்துல இருக்கற பங்குப் பெட்டி பாத்துக்கும்.

பகலவன்: தெரியும் தெரியும். ஒரு மாசமா தெனம் கேக்கறேன்.

மணிமொழி: பேருல சூரியன வச்சிக்கினு எங்கிட்ட வந்து கரண்டுக்கு நிக்கிறீங்களே, கூச்சமா இல்ல?

பகலவன்: பகலவன்னு பேரு வச்சது எங்கப்பா. பேருக்கு வயர் வுட்டு இழுக்க முடியுமா?

ஜான் பாஷா: ஏம்மா மணிமொழி! இங்க கணக்கு ஒதைக்குதே!

மணிமொழி: இன்னா பாய் கணக்கு?

ஜான் பாஷா: ஒண்ணுல என் வண்டி. ரெண்டுல தங்கதுரை வண்டி, மூணுல அஜித்குமார் வண்டி. அவனுங்க ரெண்டு பேரும் டீக்கடையில. நாலுல இந்த பகலவன் தம்பி வண்டி. ஆக மொத்தம் நாலு. ஆளுக்கு மூணு தான வரணும்? என் வண்டில நாலு காட்டுது.

மணிமொழி: ஜாஸ்தி வந்தா சந்தோசப்படுங்க பாய்.

ஜான் பாஷா: சந்தோசம் தான். ஆனா ஒரு மாசமா தெனம் இதே சந்தோசம். அதான் பயமா இருக்கு.

பகலவன்: பாய், நீங்க போயி ஒரு டீ சாப்டுங்களேன்...

ஜான் பாஷா: சாப்ட்டாச்சு. அதென்னம்மா, பெட்டி மேல துண்டப் போட்டு மூடி வச்சிருக்க?

மணிமொழி: வெயில் பட்டா கூசுது பாய்.

ஜான் பாஷா: நெழல்ல தான இருக்கு?

மணிமொழி: பெட்டிக்கு... கூச்ச சுபாவம்.

ஜான் பாஷா: தம்பி, ஒன் போன் கத்துது பாரு.

பகலவன்: அம்மா தான். அப்பறம் பேசிக்கறேன்.

மணிமொழி: எடுங்க, பாவம். நாலு தரம் அடிச்சிட்டாங்க.

பகலவன்: எடுத்தா ஸ்பீக்கர்ல தான் பேசும். மழையில நனைஞ்சதுலருந்து அப்பிடித்தான்... அலோ, சொல்லும்மா.

அம்சவள்ளி: டேய், எங்கடா இருக்க? தேங்கா, பழம், பூவு எல்லாம் தட்டுல வச்சிக்கினு ஆறு பேரு ரோட்ல நிக்கிறோம்! வெள்ளிக்கெழம பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வண்டியில குந்தியாவணும்!

பகலவன்: சார்ஜ் இல்லம்மா. பன்னெண்டு பர்சன்ட்ல நிக்குது.

அம்சவள்ளி: தெனம் விடியக்காலையிலயே போயி அங்க நிக்கிறியே, அப்பறம் எப்பிடிடா சார்ஜ் இல்லாம போவும்? பொண்ணு பாக்கப் போற அன்னிக்கா இது நடக்கணும்?

ஜான் பாஷா: அடி சக்க! பொண்ணு பாக்கவா? மாப்ள, சொல்லவே இல்ல!

பகலவன்: பாய், சும்மா இருங்க.

அம்சவள்ளி: யாருடா அது? சொல்லட்டுமே, இன்னா தப்பு? பொண்ணு வூட்டுக்கே இன்னும் தெரியாதுங்க. தரகர் சொன்னாரு, எலவனாசூர்கோட்டை கோயிலுக்கு பதினோரு மணிக்கு அந்தப் பொண்ணு வருமாம். நாங்களும் அர்ச்சனைக்கு வந்தா மாதிரி தூரத்துல நின்னு ஒரு பார்வ பாத்துட்டு வந்துடுவோம். புடிச்சா பேசலாம்.

மணிமொழி: பொண்ணு... நல்லா இருக்குமா?

பகலவன்: எனக்கு எப்பிடிங்க தெரியும்? போட்டோ கூட நான் பாக்கல.

மணிமொழி: பாக்கலியா, பாத்துட்டு மறைக்கிறீங்களா?

பகலவன்: பாக்கலங்க! அம்மா காட்ட வந்தப்ப நான் வண்டி தொடைச்சிக்கினு இருந்தேன்.

அம்சவள்ளி: மூணு நாளா தொடைக்கிறான்! டேய், கரண்டு குடுக்கற பொண்ணு பக்கத்துல இருக்கா? இருந்தா பேசச் சொல்லு.

மணிமொழி: சொல்லுங்கம்மா.

அம்சவள்ளி: எம்மா, ஒனக்குப் புண்ணியமா போவும். எம்புள்ள வண்டிக்கு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா வுடும்மா.

மணிமொழி: அவருக்கு உள்ளதுல எந்தக் கொறையும் வெக்கலங்கம்மா. அவர் வண்டி தான் எடுத்துக்க மாட்டேங்குது.

பகலவன்: அது... வண்டி பேட்டரி கொஞ்சம் பிகு பண்ணும்மா.

அம்சவள்ளி: ஒன்ன மாதிரியே! சரி, அங்க வேற வண்டி எதுவும் இல்லியா?

ஜான் பாஷா: நான் இருக்கேன்மா! ஜான் பாஷா பேசறேன். அறுவதுல நிக்குது. எழுவது வந்தா கோட்டைக்குப் போயிட்டு வந்துடலாம். இப்ப ஏறுற வேகத்துக்குப் பத்தே கால்ல ஒங்க வாசல்ல நிப்பேன். ஜும்மாவுக்குத் திரும்பிடலாம்.

அம்சவள்ளி: நீங்க நல்லா இருக்கணும் பாய்!

பகலவன்: பாய்! ஒங்களுக்குக் கச்சிராயபாளையம் சவாரி இருக்குன்னீங்களே?

ஜான் பாஷா: அது வாழத்தாருப்பா. ஒரு மணி நேரம் லேட்டா போனா கோச்சிக்குமா? நீயும் பின்னாடி ஏறிக்க. ஏழு பேரு, நெருக்கிக் குந்தினா தாங்கும்.

பகலவன்: நெருக்கம்லாம் அம்மாவுக்கு ஆவாது பாய்!

அம்சவள்ளி: எனக்கு ஆவும்டா.

ஜான் பாஷா: எம்மா மணிமொழி, துண்டுக்குள்ள கைய வுட்டு இன்னா பண்ற?

மணிமொழி: தூசி தட்றேன் பாய்.

ஜான் பாஷா: அய்யய்யோ! நாலு காட்டுனது ஒண்ணா எறங்கிடுச்சே!

மணிமொழி: அப்பிடியா? அடடா.

ஜான் பாஷா: ஒண்ணுல ஏறுனா நாளைக்கித் தான் எழுவது வரும்!

பகலவன்: ரொம்ப தேங்க்ஸ்ங்க.

மணிமொழி: எதுக்கு?

பகலவன்: இல்ல... தூசி தட்னதுக்கு.

மணிமொழி: நீங்க எதுக்கு சிரிக்கிறீங்க? பொண்ணு பாக்கப் போவணுமேன்னு கொஞ்சமாச்சும் கவல இருக்கா?

பகலவன்: கவலையா தான் இருக்கு. ஒங்களுக்கு?

மணிமொழி: எனக்கு எதுக்கு இருக்கணும்? நாலு வண்டி வரும், நாலு வண்டி போவும்.

பகலவன்: ஒரு வண்டி வரலன்னா?

மணிமொழி: அந்தப் பங்கு மத்த மூணுக்கும் போவும். அவ்ளோ தான்.

பகலவன்: அவ்ளோ தானா...

மணிமொழி: பின்ன? கல்யாணம் ஆனா வூட்டுலயே ஒரு சார்ஜர் வச்சிக்குவீங்க. இங்க எதுக்கு வரப் போறீங்க?

ஜான் பாஷா: இருங்க இருங்க. மணி பத்தாச்சு, நீங்க பாட்டுக்குப் பேசிக்கினு இருக்கீங்க. எனக்கு ஒரு ஐடியா! ஒரு வண்டி கழண்டா அதோட பங்கு மத்ததுக்குப் போவும். சரியா?

மணிமொழி: சரி தான் பாய்...

ஜான் பாஷா: அப்ப மூணு வண்டி கழண்டா?

பகலவன்: பாய், வேணாம்.

ஜான் பாஷா: பன்னெண்டும் ஒனக்கு! என் வயரப் புடுங்கறேன். டேய் தங்கதுரை! அஜித்து! தம்பி பொண்ணு பாக்கப் போறான், ஒங்க பங்கையும் அவனுக்கு வுடுறீங்களா? பாரு, டீ கிளாஸத் தூக்கிக் காட்டறானுங்க. சரிங்கறானுங்க!

பகலவன்: பாய், பாவம், அவங்களுக்கும் சவாரி இருக்கும்!

ஜான் பாஷா: ஒன் கல்யாணத்துல பிரியாணி போட்டா சரியாயிடும். ஒண்ணு கழண்டுச்சு... ரெண்டு... மூணு!

மணிமொழி: பாய், அப்பிடி திடுதிப்புனு எல்லாத்தையும் கழட்டக் கூடாது, பெட்டிக்கு ஆவாது!

ஜான் பாஷா: எல்லாத்தையும் பெட்டி பாத்துக்கும்னு நீ தானம்மா சொன்ன? அந்தத் துண்ட எடு. பன்னெண்டும் ஒரே வண்டில ஏறுற அழகக் கண்ணாலப் பாக்கறேன்.

மணிமொழி: எடுக்க மாட்டேன்.

பகலவன்: எடுக்காதீங்க பாய்!

ஜான் பாஷா: இன்னாப்பா ரெண்டு பேரும் ஒரே குரல்ல... வுடு கைய! தோ... எம்மா. இன்னா இது, நாலாம் நம்பர்ல சைபர் காட்டுது? வயரு மாட்டி இருக்கு. சுவிட்சு போட்டிருக்கு. பன்னெண்டும் இதுக்குத் தான். ஒரு சொட்டு கூட எறங்கலியே? தம்பி, சாவியக் குடு.

பகலவன்: சாவி... வூட்ல மறந்து வச்சிட்டேன்.

ஜான் பாஷா: வூட்ல சாவிய வச்சிட்டு ஆட்டோவத் தோள்ல தூக்கிக்கினு வந்தியா? சட்டப் பாக்கெட்ல தொங்குதே, கொண்டா! ஆன் பண்றேன்... அடப்பாவி!

அம்சவள்ளி: இன்னா பாய், இன்னா காட்டுது?

பகலவன்: ஐயோ, போனு இன்னும் கட் ஆவலியா?

ஜான் பாஷா: நூறும்மா! நூத்துக்கு நூறு! எள்ளு போட எடமில்ல, ஃபுல்லு! அதான் ஒரு மாசமா இவன் பங்கெல்லாம் எங்க மூணு பேருக்கும் ஏறிக்கினு இருந்துச்சா! நான் என் வண்டி ராசின்னு சுத்திப் போட்டுக்கினு இருந்தேன்!

அம்சவள்ளி: டேய்! வூட்டு பின்னாடி ராத்திரி பூரா வயர் வுட்டு சார்ஜ் போட்டுக்கினு, காலையில அங்க போயி எதுக்குடா நிக்கிற?

பகலவன்: அது வந்தும்மா... இங்க... காத்து நல்லா வரும்.

ஜான் பாஷா: காத்தா? தகரக் கொட்டாய்ல!

அம்சவள்ளி: ஒங்கிட்ட கேட்டா ஒளறுவ. எம்மா, மணிமொழி தான ஒன் பேரு? நீ சொல்லு. இவன் வண்டி ஃபுல்லா இருக்கறது ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?

பகலவன்: அவங்களுக்குத் தெரியாதும்மா! அவங்க மேல தப்பே இல்ல. நான் தான்...

அம்சவள்ளி: நீ வாய மூடு. அந்தப் பொண்ணு சொல்லட்டும்.

மணிமொழி: மொத நாளே தெரியும் அத்த. சைபர் யார் கண்ணுலயும் படக் கூடாதுன்னு தான் மறுநாளே துண்டப் போட்டேன்... பூவும் பழமும் தட்டுல தயாரா தான இருக்கு? அப்ப எலவனாசூர்கோட்டைக்கு எதுக்கு, எங்க ஷெட்டு பஸ் ஸ்டாண்டு பின்னாடி தான், ஆறு பேரும் பத்தரைக்குள்ள நடந்தே வந்துடுங்க.