ரெண்டாயிரத்துக்குக் கீழை விடாதை

இல்லைத் தம்பி, அந்தப் பக்கம் போகாதேங்கோ. இஞ்சாலை நில்லுங்கோ. அங்காலை எண்ணெய் ஊத்துண்டு கிடக்கு, உங்கடை சப்பாத்து பழுதாப்போகும். தறப்பாளோ? அது சும்மா மூடிக் கிடக்கு, பிறகு தூக்கிக் காட்டுறன். முதல் இந்தப் பக்கத்தைப் பாருங்கோ, இந்தப் பக்கம் வடிவா இருக்கு.

போன் அடிக்கட்டும். விடுங்கோ. அடிச்சு அடிச்சு நிக்கும்.

உங்கடை ஃபயர் எஞ்சினுக்குள்ளை இருக்கிறதும் இந்த எஞ்சின்தான், தெரியுமே கௌசிகன்? தெரியாது. நான் நினைச்சன். நீங்கள் அதை ஓட்டுறது, சிவப்புப் பெயின்ரை மினுக்கிறது, மாப்பிள்ளையை மேலை ஏத்தி மேளகாரரைப் பின்னாலை இருத்தி லண்டனிலை ஈஸ்ட் ஹாம் முழுக்க ஊர்வலம் விடுறது. பிழை சொல்லேல்லை, நல்ல பிழைப்பு. எங்கடை சனத்துக்குக் குதிரை வண்டி அலுத்துப்போச்சு, இப்ப ஃபயர் எஞ்சின் கேக்குது. நீங்கள் இன்ரர்நெற்றிலை போட்ட கலியாண வீடியோ ஒண்டை நான் ஒரு நாப்பது தரம் பாத்திருப்பன். மாப்பிள்ளையை இல்லை, அந்தாளின்ர மூஞ்சை எனக்கு ஞாபகமே இல்லை. சத்தத்தைக் கேட்டனான்.

சரி, கேளுங்கோ. அமெரிக்கன்காரன் காருக்குப் போட்ட பெரிய வி-எய்ட் எஞ்சின் புளொக் எத்தினையோ கிடக்கு. இது அதில்லை. லொறிக்கெண்டு தனியா வாத்தது. பாத்தா ரெண்டும் ஒரே மாதிரித்தான், ஆனா இது அதைவிடப் பத்து மில்லிமீற்றர் உயரம். பிஸ்ரனுக்கு நாலு றிங். செயினுக்குப் பதிலாப் பல்லுச்சில்லு. அந்தப் பத்து மில்லிமீற்றராலை காரின்ர சாமான் பாதி பொருந்தாது. இடையிலை தகடு வெட்டி வைக்கவேணும், கம்பியளை நீளமாச் செய்விக்கவேணும். நாங்கள் முதல் முதல் செய்விச்ச தகடு ஒரு தாளின்ர தடிப்பளவுக்குப் பிழைச்சது, தூக்கி எறிஞ்சிட்டுத் திருப்பிச் செய்தம். இந்த நாட்டிலை இது எத்தினை ஓடும் எண்டு நினைக்கிறியள்? எனக்குத் தெரிஞ்சு ரெண்டு. ஒண்டு உங்கடை.

எங்கை எடுத்ததோ? சஃபோக்கிலை ஒரு உருளைக்கிழங்குத் தோட்டம். தண்ணி இறைக்க வச்சிருந்தவங்கள். பிறகு அதையும் விட்டிட்டாங்கள், உள்ளுக்கை எலி கூடு கட்டியிருந்தது. சண்முகராசாதான் கண்டுபிடிச்சவன். என்ர கூட்டாளி. வெளியிலை நீல லொறி ஒண்டு மூக்கைத் திறந்தபடி நிக்குது, பாத்தனியளே? அது அவன்ரதான். எஞ்சின் இல்லாமல் வெறும் கூடா வாங்கினவன். தோட்டக்காரன் கேட்டான், உனக்கு உது என்னத்துக்கு எண்டு. இவன் சொன்னான், லொறிக்கெண்டு பிறந்ததை ஏன் கிணத்தடியிலை கட்டி வச்சிருக்கிறியள் எண்டு. தமிழிலை சொன்னான். எனக்கு மட்டும்தான் விளங்கினது.

ஓம், லொறி ஓட்டினவன்தான். இருவத்தாறு வருசம், சுப்பர்மாக்கற்றுக்கு. ஆனா அவங்கடை லொறியளைத் தொடேலாது. எல்லாம் கொம்பியூற்றர். ஒரு லைற் பத்தினாலும் ஆளுக்குப் போன் பண்ணிப்போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிக்கவேணும். அது அவனுக்கு ஒரே எரிச்சல். ஷிப்ட் முடிஞ்சா, சனி ஞாயிறெண்டா, இஞ்சை வந்திடுவான். ஆறு வருசம் தம்பி. அவன் இன்ரர்நெற்றிலை தேடிப் படிச்சு வந்து சொல்லுவான், நான் பூட்டுவன். பிழைச்சா ரெண்டு பேரும் ஆளையாள் பேசுவம். பிஸ்ரன் கூடத் தூரம் ஏறி இறங்கிற கிராங்க் தண்டு போட்டு, ஏழு லீற்றர் எஞ்சினை எட்டுக்குக் கொண்டுவந்தம். கடையிலை அப்பிடி ஒரு எஞ்சின் வராது. ஆரும் செய்யவும் மாட்டினம், விசர் பிடிச்சவன்தான் செய்வான்.

மார்கழியிலை அவனுக்கு இருமல். தையிலை ஸ்கான். சுவாசப்பை, ரெண்டு பக்கமும். எஞ்சினிலை அப்ப ஒரு ரெண்டு கிழமை வேலைதான் மிச்சம். அவன் என்னைக் கூப்பிட்டு ஒண்டைத்தான் கேட்டான். மச்சான், லொறி ஓடத் தேவையில்லை, எஞ்சின் ஓடினாக் காணும், எனக்கு அதை ஒருக்காக் கேக்கவேணும் எண்டான்.

மனிசன் கேட்டது அவ்வளவுதான்.

உந்தா, சுவரிலை ஒரு கார்ட்போட் மட்டை தெரியுதே? அவன்ர எழுத்து. வாசியுங்கோ. ஓம். ஸ்ராட் பண்ணினா இருபது நிமிசம் ரெண்டாயிரத்துக்குக் கீழை விடாதை. கீழை ரெண்டு கோடு வேறை அடிச்சிருக்கிறான், எனக்குக் கண் தெரியாதெண்ட மாதிரி. விசயம் என்னெண்டா, உள்ளுக்கை கேம் எண்டு ஒரு தண்டு இருக்கு, வால்வுகளைத் தூக்கி விடுறது. இந்தப் பழைய எஞ்சினிலை புதுத் தண்டு பூட்டினா, முதல் இருபது நிமிசம் வேகமா, நிமிசத்துக்கு ரெண்டாயிரம் சுத்துக்குக் குறையாமல் ஓடவேணும். அப்பத்தான் எண்ணெய் நல்லாத் தெறிச்சு, இரும்பும் இரும்பும் ஒண்டோடை ஒண்டு பழகும். மெல்லமா விட்டியளோ, தேய்ஞ்சு தூளாப்போகும். இது எனக்குத் தெரியாத விசயமில்லை. நாப்பது வருசம் ஸ்பனர் பிடிச்ச கை இது.

கொஞ்சம் பொறுங்கோ. ரெயில் போகட்டும், பாலத்து ஆர்ச்சுக்குக் கீழை கடை வச்சா இதுதான். ... ம்.

நேரம் பாத்தது நான்தான். அதையும் சொல்லத்தானே வேணும். செல்வமலர், சண்முகராசாவின்ர மனிசி, அவா சொன்னா, அண்ணை, சும்மா எழுந்தமானத்துக்கு ஸ்ராட் பண்ணாதேங்கோ, நல்ல நேரத்திலை செய்யுங்கோ, அதாலையாவது இவருக்குக் கொஞ்ச நாள் கூடட்டும் எண்டு. வால்தம்ஸ்டோவிலை எங்கடை ஆக்கள் கடை திறக்கிறதெண்டாலும் வீடு குடிபுகுறதெண்டாலும் இராஜேந்திரன் அண்ணையைக் கேள் எண்டுதான் சொல்லுவினம். நான்தான் பஞ்சாங்கம் பாத்து, ஐயரோடை கதைச்சு, நேரம் எடுத்துக் குடுக்கிறனான். எடுத்தன். வெள்ளிக்கிழமை பத்து பத்துக்குத் துவங்கி, பத்தரைக்கு முடிக்கவேணும். பத்தரைக்கு ராகுகாலம் துவங்குது. மட்டையிலை இருபது நிமிசம், பஞ்சாங்கத்திலையும் இருபது நிமிசம். எனக்கு அப்ப ஒரே புழுகம், சந்தோசம் பிடிபடேல்லை, பாத்தியே எப்பிடிப் பொருந்தி வருதெண்டு.

சண்முகராசாவைச் சில்லுக்கதிரையிலை கொண்டுவந்து உந்த இடத்திலை இருத்தினம். மூக்கிலை குழாய். ஸ்ராண்டிலை நிண்ட எஞ்சினுக்குச் சந்தனம் குங்குமம் வச்சு, மாலை போட்டு, வெளியிலை லொறிச் சில்லுகளுக்குக் கீழை தேசிக்காய் வச்சாச்சு. பத்து பத்துக்குத் திறப்பைத் திருப்பினன். முதல் திருப்பலிலையே எடுத்திட்டுது தம்பி. அம்மாளாச்சி! அது காதாலை கேக்கிற சத்தமில்லை, நெஞ்சுக்குள்ளை வந்து நிண்டது. நான் ரெண்டாயிரத்திலை பிடிச்சன். ஆர்ச் முழுக்க அதிருது. ஐயர் வாயை அசைக்கிறார், ஒண்டும் கேக்கேல்லை. கையாலை காட்டுறார், குறை, குறை எண்டு. மந்திரம் கேக்கவேணுமாம். செல்வமலரும் கும்பிட்டபடி என்னைத்தான் பாக்கிறா.

குறைச்சன்.

ஏன் குறைச்சனீங்கள் எண்டு கேக்கிறியள். கேளுங்கோ, நானும் அதைத்தான் ஒவ்வொரு நாளும் கேக்கிறன். ரெண்டு நிமிசம்தானே எண்டு நினைச்சன். ஊரிலை சண்டைக் காலத்திலை பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயிலை கார் ஓட்டின ஆக்கள் நாங்கள், இரும்பு எங்கடை சொல்லுக் கேக்கும் எண்டு ஒரு திமிர். ஐயரும் நல்ல மனிசன், ஒரு சொல்லும் விழுங்கேல்லை. எல்லாற்றை பேர் நட்சத்திரமும் கேட்டு அருச்சனை, தீபம், தேங்காய். பதினொரு நிமிசம். எஞ்சின் சின்னச் சத்தத்திலை முனகிக்கொண்டு நிக்குது, நான் கைகட்டிக்கொண்டு நிக்கிறன். பேந்து வேகத்தைக் கூட்டப் போனன். செல்வமலர் சொன்னா, அண்ணை, இவருக்குப் புகை ஏலாது, காணும், நிப்பாட்டுங்கோ. நிப்பாட்டினன்.

தேங்காய் நட்டநடுவாலை பிளந்தது. எல்லாருக்கும் சந்தோசம். சண்முகராசா அந்த மட்டைக்குக் கீழைதான் இருந்தான், அவன் எழுதின மட்டை. கும்பிட்ட கையை எடுக்காமல் என்னைப் பாத்து மெல்லத் தலையை ஆட்டினான். அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்குமோ? நீங்களே சொல்லுங்கோ. நான் அவனைக் கேக்கேல்லை. எனக்கு அந்தத் துணிவு வரேல்லை.

அடுத்த நாள் எண்ணெய் ஃபில்ரரைக் கழட்டி வெட்டிப் பாத்தன். உள்ளுக்கை மினுங்குது, பட்டுச்சீலைச் சரிகை மாதிரி. எல்லாம் தண்டு தேய்ஞ்ச தூள். அதோடையாவது நான் நிண்டிருக்கவேணும். முழுக்கக் கழட்டிக் கழுவி, புதுத் தண்டு அமெரிக்காவிலையிருந்து எடுப்பிச்சு, மூண்டு மாதத்திலை திருப்பிப் பூட்டியிருப்பன். ஆனா மூண்டு மாதம் ஆரிட்டை இருந்தது? எண்ணெயை மட்டும் மாத்திப்போட்டு, தனிய நிண்டு ஸ்ராட் பண்ணி, ரெண்டாயிரத்துக்கு ஏத்திப் பிடிச்சன். இப்பவாவது பழகித் துலையட்டும் எண்டு. ஆறு நிமிசம் பிடிச்சது.

சரி, இப்ப தூக்குங்கோ தறப்பாளை. தூக்குங்கோ. பயப்பிடாதேங்கோ.

ஓம். ஓட்டை. உங்கடை கை அதுக்குள்ளாலை போகும், ஆனா விடாதேங்கோ, விளிம்பு கூர். அந்தத் தூள் எண்ணெயோடை போய் அரிச்சு, பிஸ்ரனைப் பிடிக்கிற தடி அறுந்து, புளொக்கை உடைச்சுக்கொண்டு வெளியிலை வந்தது. அந்தச் சுவரிலை செங்கல் உடைஞ்சிருக்கே, அதுதான் அடிச்ச இடம். என்ர காலிலை பட்டிருக்கவேணும், படேல்லை. ஒட்டவோ? எதை ஒட்டிறது தம்பி? ஆறு வருசம் அந்த ஓட்டையாலை போயிட்டுது.

இல்லை, அவனுக்குச் சொல்லேல்லை. லொறியிலை பூட்டியாச்சு, ஓடுது எண்டுதான் சொன்னன். அவனை அப்ப ஆர்ச்வேப் பக்கம், கடைசிக்கு வச்சுப் பாக்கிற இடம் ஒண்டுக்கு மாத்தியிருந்தவை. நான் போனா, எப்பிடி இருக்கிறாய் எண்டு நான் கேக்க முதல் அவன் கேப்பான், இண்டைக்கு எவ்வளவு நேரம் ஓட்டினனி? நாப்பது நிமிசம் மச்சான். சூடு ஏறினதே? இல்லை மச்சான். அஞ்சு கிழமை, அவன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு பொய் சொன்னன். திரும்பி வரேக்கை முருகன் கோயிலடியிலை பஸ்ஸுக்கு நிப்பன், உள்ளுக்கை போகேல்லை ஒருநாளும்.

போன சனி அவன் சொன்னான், வீடியோ வேண்டாம் மச்சான், போனிலை அந்த அடிச்சத்தம் வராது, லொறியைக் கொண்டந்து ஜன்னலுக்குக் கீழை விடு எண்டு. கண் திறக்கேல்லை, ஆனா காது கேக்குது. சரி மச்சான் எண்டு சொல்லிப்போட்டு வந்தன். என்ன, சொல்லுறதுக்கு வாய் இருக்குத்தானே.

அதுக்குத்தான் தம்பி உங்களைத் தேடிப் பிடிச்சனான். சாமான் விக்க இல்லை. உங்கடை ஃபயர் எஞ்சினை அந்த றோட்டிலை கொண்டந்து ஒரு பத்து நிமிசம் விட்டால் காணும். அவனுக்கு வித்தியாசம் தெரிஞ்சிருக்கும், எங்கடை எட்டு லீற்றர் எல்லே. தெரிஞ்சாலும் சொல்லியிருக்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கேக்கை இதைத்தான் கேக்க இருந்தன். முன்பின் தெரியாத ஆளிட்டை எப்பிடிக் கேக்கிறது எண்டு வெக்கத்திலை, சாமான் இருக்கு வாங்கோ எண்டு சொல்லிப்போட்டன்.

என்ன? இப்பவோ? இண்டைக்கே கொண்டு வாறியளோ? ஒரு மணித்தியாலத்திலை... இல்லை, காசைப் பற்றி நான் கேக்கேல்லை. நீங்கள் நல்ல பிள்ளை. இருங்கோ. அந்த வண்டித் திறப்பைப் பொக்கற்றுக்குள்ளை வையுங்கோ.

வேண்டாம் தம்பி. திங்கள் விடியப்புறமே அவன் போயிட்டான்.

நீங்கள் புதன் வாறன் எண்டு சொல்லியிருந்தனீங்கள். வரவேண்டாம் எண்டு சொல்ல ரெண்டு தரம் உங்கடை நம்பரை எடுத்தன், அடிக்கேல்லை. ஆரெண்டாலும் வந்து இந்த ஓட்டையைப் பாக்கட்டும் எண்டு நினைச்சனோ என்னவோ. மேலை இருக்கிற ஹெட் ரெண்டும் பழுதில்லை, பல்லுச்சில்லும் நல்லாக் கிடக்கு. கழட்டித் தாறன், கொண்டுபோங்கோ. உங்கடை ஒண்டுதான் இனி ஓடப்போகுது.

திரும்பவும் அடிக்குது. செல்வமலர்தான். காலமையிலையிருந்து அடிக்கிறா. மெசேஜும் விட்டிருக்கிறா. எரிக்கிறதுக்கு அடுத்த கிழமை வியாழன் ரெண்டு மணிதான் கிடைச்சதாம், அது ராகுகாலமாம், வேறை நல்ல நேரம் பாத்துச் சொல்லுங்கோ அண்ணை எண்டு. என்னட்டைக் கேக்கிறா.

இருங்கோ, எடுக்கிறன். உந்த ஸ்பனரை ஒருக்காப் பிடியுங்கோ.

ஓம் செல்வமலர். ... ஓம், மெசேஜ் பாத்தனான். ... ரெண்டு மணியே இருக்கட்டும். ... இல்லை, ஐயரிட்டை நான் கேக்கேல்லை. என்னட்டை இனி நேரம் கேக்காதேங்கோ.