ரத்த உறவு கேட்கப்படவில்லை

பெயர்: ரோஸ்மேன் தெஸ்தினே. வயது: 46. தகப்பனார்: காலஞ்சென்ற ஒனோரா தெஸ்தினே. தொழில்: பள்ளிச் சமையற்கூட ஊழியர். இருப்பிடம்: வடக்கு மியாமி, புளோரிடா மாநிலம். மேற்படியார் மனு எழுத்தர் கிளெர்வில் மீதான விசாரணையில், மொழிபெயர்ப்பாளர் முன்னிலையில் கிரெயோல் மொழியில் சொல்லப் பதிவு செய்தது:

நான் ஹைட்டியில் பிறந்து, பதினெட்டு ஆண்டுகளாக இங்கே குடியிருந்து வருகிறேன். எனது இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, மூன்று ஆண்டுகள் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்து வந்தேன். அதன் பின்பு என் இதயம் பலவீனமாகி வருவதாகவும், டிசம்பருக்குள் மாற்றுச் சிறுநீரகம் வைக்காவிட்டால் பிறகு அறுவை சிகிச்சையை உடம்பு தாங்காது என்றும் மருத்துவர் சொன்னார். அதன் பின்பு ஹைட்டியின் கப்-ஐசியன் நகரில் கொத்தனார் வேலை செய்யும் என் தம்பி வில்னேருக்குப் போன் செய்து சொன்னேன். "எங்கிட்டதான் ரெண்டு இருக்கேக்கா, ஒண்ண எடுத்துக்கோ" என்றான். அவனுக்கு விசா இரண்டு முறை மறுக்கப்பட்டது.

அதன் பின்பு கிளெர்வில் என்பவரிடம் போனேன். எங்கள் ஆட்கள் அவரை வக்கீல் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வக்கீலே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. விசா கிடைக்காதவரையும் அவசரக் காரணம் இருந்தால் கொஞ்ச காலத்துக்கு நாட்டுக்குள் விடுவார்கள், அதற்கு மனிதாபிமான பரோல் என்று பெயர், ஜெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவர்தான் சொன்னார். அது மட்டும் உண்மை.

அதன் பின்பு, வில்னேர் ஊரிலிருந்து அனுப்பிய ரத்த மாதிரிக்கு மருத்துவமனையிலிருந்து பரிசோதனை முடிவு வந்தது. வில்னேரின் சிறுநீரகம் எனக்குப் பொருந்துகிறது, ஆனால் அவன் எனக்கு ரத்த உறவு இல்லை என்று இருந்தது. எனக்கு அது புதிய செய்தி அல்ல. அவனைப் பெற்ற தகப்பன், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், படகு கவிழ்ந்து இறந்தபோது அவன் நாற்பது நாள் குழந்தை. என் தகப்பனார் பதிவு அலுவலகத்துக்குப் போய்த் தன் பிள்ளை என்று எழுதிவிட்டு வந்தார். எங்கள் பக்கம் இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. கிளெர்வில் பதறிவிட்டார்.

"ஏம்மா, வாயத் தொறக்காத! ரத்த சொந்தம் இல்லன்னு தெரிஞ்சா மனுவக் குப்பைல போட்ருவான். எனக்குத் தெரிஞ்ச லேப் ஒண்ணு இருக்கு. கூடப்பொறந்த தம்பின்னே ரிப்போர்ட் வாங்கிரலாம்."

லேபின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் அவர் கையாலேயே எழுதித் தந்தார். அதை இத்துடன் ஒப்படைக்கிறேன். ஒரு வாரம் மனம் அல்லாடியது உண்மை. எனக்குச் சாகப் பயம்.

அதன் பின்பு பரோலுக்கான விதிமுறைத் தாள்களை வாங்கி, டயாலிசிஸ் நாற்காலியிலேயே அகராதியோடு படித்தேன். ஒரு கைக்கு ஊசி, ஒரு கைக்குத் தாள். என்ன அவசரம், ஏன் இந்த ஆள், விசாவில் வர ஏன் வழியில்லை, இங்கே யார் பராமரிப்பார், எப்போது திரும்புவார் என்று கேட்டிருந்தது. ஒவ்வொரு மனுவையும் அதனதன் தன்மையில் பார்த்து முடிவு செய்வோம் என்றும் இருந்தது. உறவு இருந்தால் எழுதலாம். ரத்த உறவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. மூன்று முறை தேடினேன். இல்லவே இல்லை! சத்தமாகச் சிரித்துவிட்டேன், நர்ஸ் ஓடி வந்தார்.

மறுநாள் கிளெர்வில்லிடம் போய் என் தாள்களைத் திருப்பிக் கேட்டேன்.

"நீ என்ன பெரிய வக்கீலா?" என்றார்.

"நீங்களும்தான் இல்ல. நான் சாகக் கெடக்கறவ, ஒரு வரி விடாமப் படிப்பேன்" என்றேன்.

அதன் பின்பு நானே மனு எழுதினேன். பிறப்புச் சான்றில் என் தகப்பனார் பெயர் இருப்பதையும், ரத்த உறவு இல்லாததையும், அதற்கான காரணத்தையும் மறைக்காமல் எழுதி, மருத்துவமனைக் கடிதத்தையும் என் சம்பளச் சான்றையும் இணைத்தேன். தொண்ணூற்றோராம் நாள் அனுமதி வந்தது. விமான நிலையத்தில் அலுவலர் வில்னேரைப் பார்த்து, "ரத்த சொந்தமே இல்லையாம், பின்ன எதுக்குக் கிட்னி குடுக்கறீங்க?" என்று கேட்டாராம்.

"அக்கா கேட்டுச்சு, குடுக்கறேன். இதுல என்ன இருக்கு?" என்றானாம். முத்திரை குத்திவிட்டார்கள்.

நவம்பர் பத்தொன்பதாம் தேதி அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் காலை நர்ஸ் சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினார். நிறைந்திருந்தது. ராணி மாதிரி படுத்திருந்தேன். சக்கர நாற்காலியில் வந்த வில்னேர், "கொத்தனார் கிட்னிக்கா, சும்மா ஒக்காந்திருக்குமா!" என்று கத்தினான். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன், அழுதேன். அனுமதிக் காலம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே அவன் ஊர் திரும்பிவிட்டான்.

வில்னேர் எனக்கு என்ன உறவு என்று கடைசியாகக் கேட்டீர்கள். தம்பி. அப்படியே எழுதிக்கொள்ளவும்.

மேலே கண்டவை என் மொழியில் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னபடியே இருக்கின்றன, ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) ரோஸ்மேன் தெஸ்தினே