விரிசல் இல்லாத படங்கள்

சாப்பிடுகிறவர்களைப் படம் எடுப்பது எனக்குப் பிடிக்காது. வாயில் பாதி வடை இருக்கும்போது எந்த மனிதரும் அழகாக இருப்பதில்லை. பந்தியில் எடுத்தே தீரவேண்டும் என்று கேட்டால் இலையை மட்டும் எடுத்துக் கொடுப்பேன். யார் மனதும் நோகக் கூடாது ஐயா, என் தொழில் அதுதான்.

என் பெயர் பிரபாகரன். விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றங்கரைக் கல்மண்டபத்தில் பதினோரு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். நானூறு கல்யாணத்துக்கு மேல் இருக்கும். திட்டக்குடி, நல்லூர், கருவேப்பிலங்குறிச்சி என்று எங்கிருந்து வந்தாலும் பின்னால் அதே பதினாறு தூண்கள். முன்னால் நிற்கும் முகங்கள்தான் மாறும். அவையும் அவ்வளவாக மாறுவதில்லை. ஒரே மாதிரி மாலை, ஒரே மாதிரி புடவை, ஓரமாகக் கோபித்துக்கொண்டு நிற்கும் ஒரு சித்தப்பா.

ஆல்பம் போடும்போது திருத்துவேன். மாப்பிள்ளைக்குத் தொப்பையைக் குறைப்பேன். பெண்ணைச் சிவப்பாக்குவேன், கேட்க அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்று கேட்காமலே செய்வேன். செத்துப்போன அப்பாவைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். ஒரு வீட்டில், உயிரோடு இருக்கிற மாமனாரை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்தேன்.

கிழக்கு ஓரத்துக் கல் உத்தரத்தில் ஒரு விரிசல் இருந்தது. அதையும் அப்படித்தான் படங்களிலிருந்து அழித்துக்கொண்டிருந்தேன். முதல் வருடம் தலைமுடி அளவு இருந்தது. ஒரு நிமிட வேலை. போன வருடம் படத்துக்குப் பத்து நிமிடம் பிடித்தது. அது வளர்கிறது என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

இந்தத் தையில் பொறியாளர் ராஜ்மோகன் மண்டபத்தைச் சோதிக்க வந்தார். உத்தரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"நீங்கதான் ரொம்ப வருஷமா இங்க எடுக்குறீங்களாமே. பழைய போட்டோ இருக்குதுங்களா? இது பழசா, இல்ல வளருதான்னு தெரிஞ்சா போதும். வளருதுன்னா மண்டபத்தப் பூட்டிடணும்."

பூட்டினால் கல்யாணங்கள் பைபாஸ் பக்கத்து ஏசி மண்டபங்களுக்குப் போய்விடும். அங்கே முப்பது பேர் கேமராவோடு நிற்கிறார்கள். அங்கே நான் வெறும் போட்டோக்காரன். இங்கே கல்மண்டபத்துப் பிரபாகரன். தவிர, இருபத்தேழு குடும்பங்கள் பத்திரிகை அடித்துவிட்டன. அவர்கள் மனம் என்ன பாடுபடும் என்று யோசித்தேன்.

பழைய படங்களில் ஐந்தை எடுத்தேன். இந்தமுறை விரிசலை அழிக்கவில்லை, வைத்தேன். இன்றைய விரிசலை, இன்றைய அகலத்திலேயே, பத்து வருடத்துக்கு முந்தைய உத்தரத்தில் வைத்தேன். நேர்த்தியான வேலை. ராஜ்மோகன் கண்ணாடியைக் கழற்றி, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்படியே இருக்குதே. ஒரு நூல்கூட மாறல" என்றார். பயமில்லை என்று எழுதிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்லாதீர்கள். நல்ல மனிதர்.

மாசியில் அமுதவள்ளியின் கல்யாணம். அவளுடைய அம்மா பெரியநாயகி செராமிக் பட்டறையில் பொம்மை வார்ப்பவர். கணவர் இல்லை. அந்த வேலையிலேயே மகளைப் படிக்கவைத்தவர். தாலி கட்டி முடிந்ததும் குடும்பப் படத்துக்கு எல்லோரையும் கிழக்கு ஓரத்துக்கு வரச் சொன்னேன். பத்து மணி வெயில் அங்கேதான் இதமாக விழும். பெரியநாயகி மட்டும் வராமல் மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இது சும்மா கீறல் இல்ல. எங்க பொம்மை சூளையிலேருந்து வரும்போது இப்படித்தான் விரிசல் ஓடியிருக்கும். தொட்டா ரெண்டா போயிடும்."

"இஞ்சினியரே பாத்து எழுதிக் குடுத்துட்டாருக்கா. பத்து வருஷமா இப்படியேதான் இருக்குது."

"பத்து வருஷமாவா?"

கைப்பேசியில் அந்த ஐந்து படங்களையும் காட்டினேன். ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்தார்.

"நான்தான் வீணா பயந்துட்டேன்" என்று சிரித்தார். புடவையைச் சரிசெய்துகொண்டு மகளுக்குப் பின்னால் போய் நின்றார்.

அவர் நின்ற இடத்தில் இரண்டு வருடமாக நான் நின்றதில்லை. கேமரா முக்காலியைத் தள்ளித்தான் வைப்பேன். வெளிச்சத்துக்காக என்று உங்கள் ஏட்டையாவிடம் சொன்னேன். அது உண்மையில்லை.

மூன்றாவது படத்தின்போது மேலே சத்தம் கேட்டது, காய்ந்த விறகு ஒடிவதுபோல. கொஞ்சம் தூசி கொட்டியது. எனக்குக் கேட்டது. பெரியநாயகிக்கும் கேட்டது, அவர் அண்ணாந்தார். ஓடுங்கள் என்று சொல்ல நேரம் இருந்தது ஐயா.

"மேல பாக்காதீங்கக்கா, இங்க பாருங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றேன்.

மணமக்கள் ஓரடி முன்னால் நின்றதால் தப்பினார்கள். மாப்பிள்ளையின் அத்தைக்கு ஒரு கால் போயிற்று. பெரியநாயகி அந்த இடத்திலேயே இறந்தார்.

போன வாரம் அமுதவள்ளி ஸ்டுடியோவுக்கு வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் புதிதாக இருந்தது.

"அம்மாவோட கடைசி போட்டோ வேணும்ணா" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

கடைசிப் படத்தில் பெரியநாயகி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை ஒரு மகளிடம் எப்படிக் கொடுப்பது? முகத்தைக் கீழே இறக்கி, கண்களைக் கேமரா பக்கம் திருப்பி, லேசாகச் சிரிக்கவும் வைத்தேன். அமுதவள்ளி அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அம்மா ஒண்ணும் தெரியாமத்தான் போயிருக்காங்க, இல்லண்ணா?"

"ஆமாம்மா" என்றேன்.

நீங்கள் அந்தப் படத்தை வழக்குக்காகக் கேட்கிறீர்கள். இரண்டும் என்னிடம் இருக்கின்றன. திருத்தியதையே வைத்துக்கொள்ளுங்கள் ஐயா, அதில்தான் அவர் நன்றாக இருக்கிறார்.